கழற்றி மாட்டும் பல்செட்: பொருத்தம் எங்கே தவறுகிறது?

பள்ளிவாசலில் மஸ்அலா கேட்க வரும் முதியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: “ஹஜ்ரத், பல்செட்டோடு உளூச் செய்தால் கூடுமா? குளிப்புக்குக் கழற்ற வேண்டுமா?” இதற்குச் சட்டம் சொல்லிவிடலாம். ஆனால் சற்றுப் பேச்சுக் கொடுத்தால் அதன் பின்னாலிருக்கும் இன்னொரு குறையும் வெளியே வரும். செட் ஆடுகிறது, ஓதும்போது கீழே இறங்குகிறது, ஈறு புண்ணாகிறது, சாப்பிட உட்காரும்போது கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. கடைசியில், சிரமப்பட்டுச் சேர்த்த பணத்தில் செய்த பல், டப்பாவிலேயே கிடக்கிறது. அவரோ கஞ்சியும் ரொட்டியும் நனைத்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிறார்.

இப்படிப்பட்டவர்களில் பலர், “என் வாய் வாகு அப்படி” என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். சிலர் மருத்துவரைக் குறை சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. அந்தப் பல்செட் எந்தப் பொருளில், எந்த முறையில் செய்யப்பட்டது என்பதே அது. மெழுகில் வடித்து உலோகம் ஊற்றிச் செய்வது, மாவைப் பிசைந்து வேகவைத்துச் செய்வது, நைலானை உருக்கி ஊசி வழியாகச் செலுத்துவது, கணினியில் வரைந்து லேசரால் அடுக்கடுக்காக எழுப்புவது என்று முறைகள் பல. ஒவ்வொன்றும் பொருத்தத்தை ஒவ்வொரு விதமாகப் பாதிக்கிறது. இதை எளிமையாக விளக்கி, நம் தொழுகைக்கும் ஓதலுக்கும் இதனோடு உள்ள தொடர்பையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாற்று உறுப்பும் மார்க்கமும்

இழந்த உறுப்புக்குப் பதிலாக ஒன்றைச் செய்து பொருத்திக்கொள்வது மார்க்கத்துக்குப் புதிதல்ல. அர்ஃபஜா (ரலி) அவர்கள் அறியாமைக் காலத்தில் குலாப் என்னும் போரில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அது துர்நாற்றம் எடுத்தது. அப்போது தங்கத்தில் மூக்குச் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள் என்ற செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்ற சட்டம் இருந்தும், உறுப்பின் தேவைக்காக இந்த அனுமதி கிடைத்தது. பற்களைத் தங்கத்தால் கட்டிக்கொள்ளலாமா என்ற பேச்சை ஃபிக்ஹு அறிஞர்கள் இந்த நபிமொழியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு அனுமதி உண்டு. ஹனஃபீ மத்ஹபில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வெள்ளியோடு நிறுத்திக்கொள்ள, இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் தங்கத்தையும் அனுமதித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. “நாற்றத்தைப் பொறுத்துக்கொள்” என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. பொருளை மாற்றும்படி வழிகாட்டினார்கள். செயற்கை உறுப்பு உடலுக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்று தேடுவது ஆடம்பரம் ஆகாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கி.பி. 1013 அளவில் மறைந்த குர்துபா நகரத்து அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, முப்பது பாகங்கள் கொண்ட தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில், ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் அடுத்த பற்களோடு இணைத்துக் கட்டும் முறையை விளக்கியிருக்கிறார். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டு எலும்பைப் பல் வடிவில் செதுக்கி வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். வெள்ளிக் கம்பி நாளடைவில் நிறம் மாறிக் கெட்டுவிடும் என்பதால் தங்கத்தையே சிறந்ததாகச் சொல்கிறார். எந்தப் பொருள், எந்த முறை என்ற கேள்வி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மருத்துவர்களிடம் இருந்திருக்கிறது.

பொருத்தம் என்றால் என்ன?

வாயில் சில பற்கள் மட்டும் போய், மற்றவை நல்லபடியாக இருப்பவர்களுக்குச் செய்யப்படுவது பகுதிப் பல்செட். நாமே கழற்றி மாட்டலாம். இதில் முக்கியமாக நான்கு பாகங்கள் இருக்கும். ஒன்று, ஈறின் மேல் உட்கார்ந்து செயற்கைப் பற்களைச் சுமக்கும் அடித்தட்டு. இரண்டு, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் இணைக்கும் பட்டை. மேல்வாயில் இது அண்ணத்தின் குறுக்கே போகும், கீழ்வாயில் முன்பற்களுக்குப் பின்புறமாக, நாக்குப் பக்கத்து ஈறையொட்டி வளைந்து செல்லும். மூன்று, இருக்கிற பற்களைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள். நான்கு, அந்தப் பற்களின் மேல் உட்கார்ந்து, செட் ஈறுக்குள் அமிழ்ந்து போகாமல் தாங்கும் சிறு தாங்கிகள். நான்காவது பாகம் எல்லாச் செட்டுகளிலும் இருப்பதில்லை. அது இல்லாததே பல தொல்லைகளுக்குக் காரணம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பொருத்தம் என்பது இந்த நான்கும் தத்தம் இடத்தில் சரியாக உட்காருவது. இங்கே கணக்கு மில்லிமீட்டரின் பின்னங்களில் நடக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான். கோபால்ட் குரோமியம் உலோகத்தில் வார்க்கப்பட்ட ஒரு கொக்கி, பல்லின் வயிற்றுப் புடைப்பைத் தாண்டி அதன் கீழுள்ள உள்வளைவுக்குள் கால் மில்லிமீட்டர் அளவுக்கு நுழைந்தால் போதும், செட் நிற்கும். செய்முறையில் அந்தக் கால் மில்லிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பிசகினால் கொக்கி எதையுமே பிடிக்காது, செட் நழுவும். மறுபக்கம் பிசகினால் மாட்டும்போதும் கழற்றும்போதும் பல்லை இழுத்துக்கொண்டே இருக்கும், நாளடைவில் நல்ல பல்லும் ஆடத் தொடங்கும். இருக்கிற பல்லைக் காப்பாற்றச் செய்த செட்டே அதை விழ வைத்துவிடும்.

பிழை எங்கிருந்து தொடங்குகிறது?

செட் செய்வது ஒரு நீண்ட சங்கிலி. முதலில் வாயில் அளவு எடுக்கிறார்கள். பெரும்பாலும் அல்ஜினேட் என்னும் பசை போன்ற பொருளால் எடுப்பார்கள். அதில் நீர்ச்சத்து அதிகம். எடுத்த அச்சை அப்படியே வெளியே வைத்திருந்தால் நீர் வெளியேறிச் சுருங்கும், தண்ணீரில் போட்டு வைத்தால் உறிஞ்சி ஊதும். அதனால் எடுத்த சற்று நேரத்திலேயே அதற்குள் ஜிப்சம் மாவை ஊற்றி மாதிரி எடுத்துவிட வேண்டும். சிறு ஊர்களில் எடுத்த அச்சு பல மணி நேரம் பயணம் செய்து வெளியூர் லேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாவு ஊற்றப்படுகிறது என்றால், அந்த அச்சு வாயின் உருவத்தை அப்படியே சொல்லாது. அந்த மாவும் இறுகும்போது மிகச் சிறிதளவு விரியும். மாதிரியின் மேல் மெழுகில் வடிவமைப்பது, அச்சுக்குள் புதைப்பது, உலோகமோ அக்ரிலிக்கோ நிரப்புவது, மெருகேற்றுவது என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சுருக்கமோ விரிவோ சேர்கிறது.

தேர்ந்த லேபில் ஒரு சுருக்கத்தை இன்னொரு விரிவால் ஈடுகட்டுகிறார்கள். கவனமில்லாத இடத்தில் எல்லாம் ஒரே திசையில் கூடிக்கொள்கின்றன. செய்முறையின் சாரம் இதுதான். இனி முறைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அக்ரிலிக் செட்

இளஞ்சிவப்பு நிறத்தில் நாம் அதிகமாகப் பார்ப்பது இதுதான். 1930களின் பிற்பகுதியில் இந்தப் பிளாஸ்டிக் பல் மருத்துவத்துக்கு வருவதற்கு முன் கெட்டியாக்கிய ரப்பரில்தான் தட்டுகள் செய்யப்பட்டன. அக்ரிலிக் விலை குறைவு, ஈறின் நிறம் வரும், பழுது பார்ப்பதும் பல் சேர்ப்பதும் எளிது. அதனால் இன்றுவரை ஏழைகளின் பல்செட் இதுவே.

இது தூளும் திரவமும் கலந்து மாவு போலாக்கி அச்சுக்குள் அழுத்தி, வெந்நீரில் வைத்துப் பதப்படுத்துவது. அந்தத் திரவம் மட்டும் தனியாக இறுகினால் கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். அதனால்தான் ஏற்கெனவே இறுகிய தூளை மூன்று பங்குக்கு ஒரு பங்கு திரவம் என்ற கணக்கில் கலக்கிறார்கள். சுருக்கம் ஏறக்குறைய ஏழு சதவீதமாகக் குறைகிறது. குறைகிறதே தவிர மறைவதில்லை. அந்தச் சுருக்கம் மேல்வாய்த் தட்டில் அண்ணத்தின் பின்பக்கம் நடுவில் வெளிப்படும். அந்த இடத்தில் தட்டு அண்ணத்தை விட்டுச் சற்றே எழும்பி நிற்கும்.

இங்கே அவசரமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைத்து, அச்சுப் பெட்டி தானாக ஆறிய பிறகு திறந்தால் தட்டுக்குள் இழுவிசை குறைவாக இருக்கும். வேகமாகக் கொதிக்க வைத்து, சூடு ஆறாமலேயே திறந்தால் உள்ளே அடைபட்ட விசை பிறகு வெளியேறித் தட்டை முறுக்கிவிடும். கொதிப்பு மிகுந்தால் உள்ளே சிறு துளைகள் விழும், அவற்றில் கிருமியும் நாற்றமும் குடியேறும். அழுத்தத்தோடு ஊசி வழியாக அக்ரிலிக்கைச் செலுத்தும் முறையில், இறுகும்போது ஏற்படும் குறைவை நிரப்பப் பொருள் தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருப்பதால் சுருக்கம் கட்டுப்படுகிறது.

அக்ரிலிக் செட்டின் பெரிய குறை வேறொன்று. எளிய செட்டில் தாங்கிகள் இருக்காது, வளைத்த கம்பிக் கொக்கி மட்டும் இருக்கும். கடிக்கும் பாரம் முழுவதும் ஈறின் மேல் இறங்கும். தட்டு அமிழ அமிழ, பற்களின் ஓரத்து ஈறு நசுங்கிக் கீழே இறங்கும். ஆகவே இதைத் தற்காலிகமான செட் என்றே பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஆனால் நம் மக்கள் பத்து வருடமானாலும் அதையே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

உலோக வார்ப்புச் செட்

இதை மருத்துவமனைகளில் ‘கேஸ்ட் பார்ஷியல்’ என்பார்கள். எலும்புக்கூடு போன்ற உலோகச் சட்டம், அதன் மேல் வேண்டிய இடத்தில் மட்டும் அக்ரிலிக்கும் பற்களும் இருக்கும். முறை, நம் ஊர்களில் வெண்கலச் சிலை வார்க்கும் மெழுகு முறையேதான். சட்டத்தை மெழுகில் வடித்து, வெப்பம் தாங்கும் கலவையில் புதைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய கோபால்ட் குரோமியத்தைப் பாய்ச்சுகிறார்கள்.

இந்த உலோகம் ஏறக்குறைய 1,400 டிகிரி சூட்டில் உருகுவது. ஆறும்போது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் சுருங்கும். இரண்டு சதவீதம் என்றால் சிறியதாகத் தெரியலாம். வாயின் ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கடைவாய்ப் பல் வரை 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஈடுகட்டாமல் விட்ட சட்டம் ஒரு மில்லிமீட்டர் குறுகிப்போகும். கொக்கிக்கு வேண்டியதோ கால் மில்லிமீட்டர் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் செட் வாய்க்குள் ஏறவே ஏறாது.

ஈடுகட்டுவது அந்தப் புதைகலவையின் வேலை. பாஸ்பேட் சேர்ந்த அந்தக் கலவை இறுகும்போது கொஞ்சம் விரிகிறது, உலையில் சூடேறும்போது இன்னும் விரிகிறது. அந்த விரிவும் உலோகத்தின் சுருக்கமும் சரிக்குச் சரியாக வர வேண்டும். கலவையில் சேர்க்கும் சிறப்புத் திரவத்தின் அளவு, உலையின் சூடு, சூடேற்றும் வேகம் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் கணக்குப் பிசகும். அனுபவமுள்ள டெக்னீஷியன் அளவுக் கோப்பையையும் கடிகாரத்தையும் விடமாட்டார். ‘கண் அளவில்’ கலப்பவர் செய்த சட்டம் ஒரு நாள் உட்காரும், மறுநாள் உட்காராது.

வார்த்து முடித்த பிறகு மணல் பீய்ச்சி, அரைத்து, மின்கரைசலில் மெருகேற்றுகிறார்கள். இங்கும் உலோகம் சிறிது தேயும். சட்டம் சரியாக உட்காராதபோது, உட்காரும் வரை உள்பக்கத்தை அரைத்துவிடுவது எளிய வழியாகத் தோன்றும். அப்படிச் செய்த செட் வாய்க்குள் போகும், ஆனால் ஆடும்.

இத்தனை கவனம் தேவைப்பட்டாலும், நன்றாகச் செய்த வார்ப்புச் செட் நீண்ட காலம் உழைக்கும். தாங்கிகள் பாரத்தைப் பற்களுக்குக் கடத்துவதால் ஈறு பிழைக்கிறது. அக்ரிலிக் தட்டு உடையாமலிருக்க ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். உலோகப் பட்டைக்கு அரை மில்லிமீட்டர் அளவே போதும். நாக்குக்குக் கிடைக்கும் இந்த ஒன்றரை மில்லிமீட்டர் இடம் எவ்வளவு பெரியது என்பதை ஓதுபவர்கள் அறிவார்கள்.

வளையும் நைலான் செட்

‘ஃபிளெக்சிபிள் செட்’ என்று விளம்பரம் செய்யப்படுவது. உலோகக் கொக்கி வெளியே தெரியாது, உடையாது, மாட்டும்போது இதமாக இருக்கும். இவை உண்மைதான். ஆனால் வளைவதே இதன் பலவீனமும் ஆகும். வளையும் பொருளால் பாரத்தைப் பல்லுக்குக் கடத்த முடிவதில்லை. பொதுவாகத் தாங்கிகளும் இருப்பதில்லை. ஆகவே கடிக்கும்போதெல்லாம் ஈறே அமுங்குகிறது. மேலும், அக்ரிலிக் செட் தளர்ந்தால் உள்பக்கம் புதிய அடுக்குச் சேர்த்து இறுக்கிவிடலாம். நைலானோடு அந்த அடுக்கு எளிதில் ஒட்டாது. பல் ஒன்று கூடுதலாக விழுந்தால் சேர்ப்பதும் கடினம். அக்ரிலிக் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், இரண்டொரு பற்கள் மட்டும் இல்லாதவர்களுக்கும் இது உதவலாம். “எல்லோருக்கும் இதுவே சிறந்தது” என்று யாராவது சொன்னால் நிதானிக்க வேண்டும்.

கணினியும் லேசரும்

இப்போது பல ஊர்களில் கணினி முறை வந்துவிட்டது. வாயையோ மாவு மாதிரியையோ ஸ்கேன் செய்து, சட்டத்தைத் திரையில் வடிவமைக்கிறார்கள். அதன் பிறகு வழிகள் பிரிகின்றன. ஒன்று, மெழுகுக்குப் பதிலாகப் பிசினில் வடிவத்தை அச்சிட்டு, பிறகு பழைய முறையிலேயே உலோகம் வார்ப்பது. இதில் கையால் மெழுகு வடிப்பதன் பிழை நீங்கும், வார்ப்பின் சுருக்கமோ அப்படியே இருக்கும். இரண்டு, உலோகத் தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, லேசரால் வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, அடுக்கின் மேல் அடுக்காகச் சட்டத்தை எழுப்புவது. ஓர் அடுக்கு சில பத்து மைக்ரான் கனமே இருக்கும். மூன்று, ஆலையில் முழுமையாக இறுகி வந்த பிளாஸ்டிக் கட்டியிலிருந்து கணினி இயந்திரம் செதுக்கி எடுப்பது. சுருங்க வேண்டியது கட்டியிலேயே சுருங்கி முடிந்துவிட்டதால், அக்ரிலிக்கின் பழைய தொல்லை இங்கே பெரும்பாலும் இல்லை.

அப்படியானால் புதிய முறையே எப்போதும் மேலானதா? ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு அப்படிச் சொல்லவில்லை. மெழுகு வார்ப்பும் கணினி முறைகளும் பொதுவாக வாயில் பயன்படுத்தத்தக்க எல்லைக்குள்ளேயே பொருந்துகின்றன. சில ஆய்வுகளில் கைதேர்ந்த வார்ப்பே முந்தியிருக்கிறது. காரணம் உண்டு. லேசர் உருக்கும்போது ஒரு புள்ளி கொதித்து அடுத்த கணமே ஆறுவதால் உலோகத்துக்குள் இழுவிசை அடைபடுகிறது. மேடையிலிருந்து வெட்டி எடுப்பதற்கு முன் உலையில் வைத்து அதைத் தணிக்காவிட்டால் சட்டம் வளையும். தாங்குகால்களை வெட்டிய தழும்புகளையும் சொரசொரப்பையும் கையால்தான் மெருகேற்ற வேண்டும். ஸ்கேன் கருவியும் பற்களைத் துல்லியமாகப் பிடிக்கிற அளவுக்கு, பல் இல்லாத நீண்ட, அசையும் ஈறைப் பிடிப்பதில்லை.

கணினி முறையின் உண்மையான நன்மை வேறு. எல்லாம் கோப்பாக இருப்பதால், செட் தொலைந்தாலோ உடைந்தாலோ மறுபடி செய்யலாம். ஒருவரின் கைத்திறனைச் சார்ந்திருப்பதும் குறைகிறது. ஆயினும் தவறான அளவைக் கணினிக்குக் கொடுத்தால், தவறான செட்டைத்தான் அது மிகத் துல்லியமாகச் செய்து தரும்!

ஈறு அமுங்கும், பல் அமுங்காது

ஒரு நிலையில் எந்த முறையும் தனியாகக் கைகொடுக்காது. பின்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் எல்லாம் போனவர்களுக்குச் செட்டின் முன்முனையைப் பல் பிடிக்கும், பின்முனைக்கு ஈறு மட்டுமே துணை. பல் அசைவதைவிட ஈறு பல மடங்கு அதிகம் அமுங்கும். கடிக்கும்போது பின்முனை கீழே இறங்க, கொக்கி போட்ட பல் நெம்புகோலில் மாட்டியது போல் முறுக்கப்படுகிறது. இதற்கு முதலில் உலோகச் சட்டத்தை மட்டும் செய்து வாயில் சரிபார்த்து, அதோடு சேர்த்து ஈறின் அளவை மறுபடி எடுத்து, பிறகு அடித்தட்டைச் செய்யும் முறை இருக்கிறது. ஒரு நடை கூடுதலாகும். “இன்னொரு தடவை வர வேண்டும்” என்று மருத்துவர் சொன்னால் சலித்துக்கொள்ள வேண்டாம். அந்த நடையில்தான் பொருத்தம் இருக்கிறது.

பல் எடுத்த இடத்தில் எலும்பும் கரைந்துகொண்டே வரும், முதல் ஆண்டில் அதிகம் கரையும். நன்றாகப் பொருந்திய செட் பின்னர் தளர்வது அதனால்தான். அப்போது உள்பக்கம் அடுக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குறடு கொண்டு கொக்கியை நெருக்குவது பல்லுக்குச் செய்யும் கேடு.

ஓதலும் பல்செட்டும்

தஜ்வீத் படித்தவர்களுக்குப் பல்லின் அருமை தெரியும். ஃதா, ஃதால், ழா ஆகிய மூன்றும் நாவின் நுனி மேல் முன்பற்களின் ஓரத்தைத் தொட்டுப் பிறப்பவை. ஃபா, கீழுதட்டின் உட்புறமும் மேல் முன்பற்களின் ஓரமும் சேர்ந்து வருவது. ஸாத், ஸாய், ஸீன் ஆகியவற்றின் ஸஃபீர் என்னும் சீட்டி ஓசை, முன்பற்களுக்கிடையே காற்று போகும் குறுகிய வழியில் உருவாகிறது. ஜீம், ஷீன், யா ஆகியவை நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்பிப் பிறப்பவை. முன்பல் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வைக்கப்பட்டாலோ, அண்ணத்தில் தடித்த தட்டு வந்து உட்கார்ந்தாலோ, தட்டு ஆடினாலோ இந்த எழுத்துகளின் ஒலி மாறும்.

நாற்பது ஆண்டுகள் ஓதிவந்த ஒரு ஹாஃபிழுக்கும், மிஹ்ராபில் நிற்கும் இமாமுக்கும் இது சிறிய விஷயமல்ல. ஃபாத்திஹாவின் எழுத்தை மாற்றி ஒலிப்பவர், சரியாக ஓதுபவர்களுக்கு இமாமாக நிற்பதைப் பற்றி ஃபுகஹாக்கள் தனியாகவே பேசியிருக்கிறார்கள். இயலாமையால் மாறுவது அவரவர் தொழுகைக்கு மன்னிப்புக்குரியது. ஆனால் சரிசெய்ய வழியிருக்கும்போது சரிசெய்துகொள்வதே முறை.

இதற்கு வழி எளிது. செட் முழுமையாவதற்கு முன், பற்களை மெழுகில் வைத்து வாயில் மாட்டிப் பார்க்கும் ‘ட்ரையல்’ ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கண்ணாடியில் அழகை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெல்லிய குரலில் ஃபாத்திஹாவை ஓதிப் பார்க்க வேண்டும். எந்த எழுத்து இடறுகிறது என்று சொன்னால் அப்போதே பல்லை நகர்த்தலாம். மெழுகில் நகர்த்துவது ஒரு நிமிட வேலை, இறுகிய பிறகு அது முடியாது. செட் வந்த பிறகும் நாக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். தினமும் சத்தமாக ஓதிவருவதே நல்ல பயிற்சி.

உளூவும் குளிப்பும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் உளூவிலும் கடமையான குளிப்பிலும் வாய் கொப்பளிப்பது சுன்னத். ஆகவே செட்டைக் கழற்றாவிட்டாலும் இரண்டும் நிறைவேறிவிடும். கழற்றிக் கொப்பளிப்பது சிறப்பு. ஹனஃபீ மத்ஹபில் உளூவில் அது சுன்னத், கடமையான குளிப்பில் ஃபர்ளு. எனவே எளிதில் கழற்றக்கூடிய செட்டின் அடியில் தண்ணீர் சேராது என்றால், குளிப்பின்போது அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்ட பல் உடலின் பகுதியைப் போன்றது, அதன் அடியில் தண்ணீர் சேர வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். “என் செட் மிக நன்றாகப் பொருந்துகிறது, ஆடவே இல்லை, அதனால் கழற்றத் தேவையில்லை” என்று சிலர் நினைக்கிறார்கள். ஹனஃபீகளுக்கு விஷயம் நேர்மாறானது. நன்றாகப் பொருந்திய செட்டின் அடியில்தான் தண்ணீர் போகாது. ஆகவே குளிப்பில் கழற்றுவது அவருக்கே அதிகம் அவசியம்.

வாய்ச் சுத்தத்துக்கும் இதுவே நல்லது. மிஸ்வாக்கை இத்தனை வலியுறுத்திய மார்க்கத்தில், செட்டுக்கு அடியில் உணவு அழுகிக் கிடக்க விடுவது அழகல்ல. கொக்கி போட்ட பல்லில்தான் சொத்தை விரைவாக விழும். உளூச் செய்யும் நேரத்தில் முடிந்தபோதெல்லாம் கழற்றி அலசினால் செட்டும் பல்லும் நீடிக்கும். கழற்றும்போது கீழே தண்ணீர் நிரம்பிய பாத்திரம் இருந்தால் நழுவினாலும் உடையாது.

செய்யப்போகிறவர்கள் கேட்க வேண்டியவை

1. என் வாய்க்கு எந்த வகை ஏற்றது, ஏன்? விலைக் குறைவான செட் என்றால் அது எவ்வளவு காலத்துக்கு?

2. செட்டில் பற்களின் மேல் உட்காரும் தாங்கிகள் உண்டா? இல்லையென்றால் ஈறு என்னவாகும்?

3. அளவெடுத்த அச்சில் மாவு இங்கேயே ஊற்றப்படுமா?

4. உலோகச் சட்டத்தை மட்டும் தனியாகவும், மெழுகுப் பற்களைத் தனியாகவும் வாயில் மாட்டிப் பார்ப்பீர்களா?

5. பிறகு தளர்ந்தால் இறுக்க முடியுமா? இன்னொரு பல் விழுந்தால் சேர்க்க முடியுமா?

செட் வந்த பிறகு கொதிநீரில் போட வேண்டாம், அக்ரிலிக் வளைந்துவிடும். இரவில் கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் வைக்க வேண்டும், காய்ந்தாலும் அளவு மாறும். உரசும் இடத்தை நாமே அரத்தால் தேய்க்கக் கூடாது. புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமலிருந்தால், அதுவும் வெற்றிலை புகையிலைப் பழக்கம் உள்ளவராக இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வீட்டில் பெற்றோருக்குப் பல்செட் செய்து கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செட் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிடவில்லை. வாப்பா அதை மாட்டுகிறாரா, உம்மா எதைச் சாப்பிட முடியாமல் ஒதுக்குகிறார் என்று பார்க்க வேண்டும். “செலவு வைத்துவிட்டோமே” என்ற கூச்சத்தில் வலியைச் சொல்லாமல் டப்பாவில் போட்டு வைப்பவர்கள் அவர்கள். சரிசெய்ய இன்னொரு முறை அழைத்துச் செல்வது பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையே. பல் செய்யும் மருத்துவருக்கும் லேபில் இருப்பவருக்கும் இது ஓர் அமானிதம். யாருடைய வாய்க்குப் போகிறதோ அவரைப் பார்க்காமலேயே செய்கிற வேலை அது. அளவு குறையாமல் செய்வதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு.

வல்ல அல்லாஹ் நம் முதியவர்களுக்கு நல்ல ஆரோக்கியத்தையும், இறுதிவரை அவனது வேதத்தைத் திருத்தமாக ஓதும் நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.